குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது: சட்டத்தில் என்ன இருக்கிறது, எதை மாற்ற வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் நான். பெரும்பாலும் அடிபட்டவர்கள், இறந்தவர்களின் குடும்பத்தார் தரப்பில்தான் ஆஜராகிறேன்; இதைப் படிக்கும்போது அது உங்கள் நினைவில் இருக்கட்டும். நீதிமன்ற வராந்தாவிலும் டீக்கடையிலும் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணங்களிலும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன்.

எவ்வளவு குடிச்சா தப்பு? ஒரு கட்டிங்தானே, அதுக்குமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு சொல்லும் வரம்பு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். அதைத் தாண்டினால் குற்றம். நிதானமாக ஓட்டினேன், யாரையும் இடிக்கவில்லை, வீடு பக்கம்தான் என்பதெல்லாம் இங்கே செல்லாது. இங்கிலாந்தில் இந்த வரம்பு 80. நம்முடையது உலகின் கடுமையான வரம்புகளில் ஒன்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஊர் பிராந்தியில் ஆல்கஹால் அளவு 42.8 சதவீதம். கட்டிங் என்றால் 90 மில்லி. அதில் சுமார் 30 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 65 கிலோ எடையுள்ள ஆணின் ரத்தத்தில் அது ஏறக்குறைய 70 மில்லிகிராமைத் தொடும். வரம்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல். முழு குவார்ட்டர் என்றால் 135க்கு மேல் போகும். உடல்வாகு, சாப்பாடு, குடித்த வேகம் எல்லாம் பொறுத்து இது கூடும், குறையும். பெண்களுக்கு அதே அளவு இன்னும் வேகமாக ஏறும். ஆனால் ஒரு கட்டிங் போட்டுவிட்டு வரம்புக்குள் இருப்பேன் என்று யாரும் நம்பி வண்டியை எடுக்க முடியாது.

பிடிச்சா ஸ்பாட்லயே ஃபைன் கட்டிட்டு வந்துடலாமா?

முடியாது. ஹெல்மெட் போடாதது மாதிரி அங்கேயே பணம் கட்டி முடித்துக்கொள்ளும் குற்றங்களின் பட்டியலில் 185 இல்லை. நீதிமன்றம் போய்த்தான் ஆக வேண்டும். முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன்பு இந்தத் தொகை 2,000, 3,000 என்றுதான் இருந்தது. தமிழ்நாட்டில் உயர்த்திய அபராதங்கள் 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தன.

பலருக்கும் தெரியாத விஷயம் லைசென்ஸ். 185இல் மாட்டியவரின் லைசென்ஸை போலீஸ் வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப 206ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. ஆர்.டி.ஓ. அவர் தரப்பைக் கேட்டுவிட்டு முதல் தடவை 3 மாதம் முடக்கலாம், இரண்டாம் தடவை லைசென்ஸையே ரத்து செய்யலாம் என்கிறது 19ஆவது பிரிவு.

ராத்திரி குடிச்சேன். தூங்கி எழுந்து விடிகாலைல ஓட்டினேன். அதுக்கும் கேஸா?

ஆமாம். தூங்கினாலும் குளித்தாலும் மோர் குடித்தாலும் ஆல்கஹால் சீக்கிரம் இறங்காது. ஈரல் தன் வேகத்தில்தான் எரிக்கும். பொதுவாக மணிக்கு 15 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரவு 10 மணிக்குக் குவார்ட்டரை முடித்தவருக்கு, மேலே போட்ட கணக்குப்படி விடிகாலை 4 மணிக்கு இன்னும் 45 இருக்கும். இரண்டு குவார்ட்டர் போட்டவருக்குக் காலை 8 மணிக்குக்கூட 100க்கு மேல் இருக்கும். அது பள்ளிக்கூட வேன் கிளம்பும் நேரம். ஆனால் சோதனை எப்போது நடக்கிறது? பெரும்பாலும் இரவு 10 மணிக்குப் பிறகு. காலைச் சோதனை வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். ஜப்பானில் போக்குவரத்து நிறுவனங்கள் ஓட்டுநரை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் கருவியால் சோதிப்பது 2011 முதல் கட்டாயம். நம் ஊரிலும் பள்ளி வேன், ஆம்னி பஸ், டேங்கர் லாரி ஆகியவற்றின் பெர்மிட் நிபந்தனையிலேயே இதைச் சேர்க்கலாம்.

ஊத மாட்டேன்னு சொல்லிட்டா?

கைது செய்யலாம், வாரண்ட் தேவையில்லை. ரத்தம் எடுக்க டாக்டரிடம் கூட்டிப் போகலாம். காரணமில்லாமல் மறுத்தால் அந்த மறுப்பையே உங்களுக்கு எதிரான சாட்சியமாக எடுத்துக்கொள்ள 205ஆவது பிரிவு இடம் தருகிறது.

போலீசுக்கும் ஒரு கடிவாளம் உண்டு. கைதுசெய்த 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும். இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

இருமல் டானிக், மவுத்வாஷ் குடிச்சா கூட மிஷின் காட்டுதாமே?

வாயில் தங்கியிருக்கும் ஆல்கஹாலைக் கருவி காட்டும், உண்மைதான். அது கால் மணி நேரத்தில் போய்விடும். அப்படிச் சந்தேகம் இருந்தால் 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதக் கேளுங்கள், ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். கருவி அச்சிடும் சீட்டில் நேரமும் அளவும் இருக்கும். அதை வாங்காமல் நகராதீர்கள். மறு சோதனை கேட்கும் உரிமையைச் சட்டத்திலேயே தெளிவாக எழுதிவிட்டால் இந்தத் தகராறு பாதி குறையும்.

பின்னாடி உட்கார்ந்தவனுக்கும் பத்தாயிரமா? அவன் வண்டியே ஓட்டலையே!

2022 அக்டோபரில் சென்னை போக்குவரத்து போலீஸ் இப்படி அறிவித்தது. அதற்கு அவர்கள் காட்டியது 188ஆவது பிரிவு: 185 குற்றத்துக்குத் தூண்டுதலாக, உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை. நோக்கத்தில் எனக்கு முழு உடன்பாடு. ஒரே டேபிளில் உட்கார்ந்து குடித்துவிட்டு, "நீ ஓட்டுடா" என்று சாவியைக் கொடுப்பவனுக்கு நிச்சயம் பொறுப்பு உண்டு.

சிக்கல் எங்கே என்றால், கூட உட்கார்ந்திருப்பது மட்டுமே உடந்தை ஆகிவிடாது. வாடகை காரில் பின் சீட்டில் தூங்கும் பயணி, குடித்துவிட்டு வந்த கணவனோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு வழியில்லாமல் ஏறிய மனைவி ஆகியோரையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா? 2006இல் ஜப்பானில் ஃபுகுவோகா நகரில் குடித்திருந்தவர் ஓட்டிய கார் மோதி மூன்று குழந்தைகள் இறந்தார்கள். நாடே கொதித்தது. அடுத்த ஆண்டு சட்டத்தைத் திருத்தி, வண்டியைக் கொடுத்தவர், மதுவைக் கொடுத்தவர், ஓட்டுநர் குடித்திருப்பது தெரிந்தும் தன்னைக் கொண்டுபோய் விடச் சொல்லி ஏறியவர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தண்டனை வைத்தார்கள். நமக்கும் அப்படி, 'தெரிந்தே' என்ற நிபந்தனையோடு தனிப் பிரிவு வேண்டும்.

வண்டியைப் போலீஸ் வாங்கி வச்சுக்கலாமா?

தற்காலிகமாக, பத்திரமாக வைக்க மட்டும். 2021இல் தெலங்கானா உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: கூட வந்தவர் குடிக்காதவராக, லைசென்ஸ் உள்ளவராக இருந்தால் அவரிடம் வண்டியைக் கொடு, இல்லையென்றால் உறவினரைக் கூப்பிடு, யாருமே வராவிட்டால் ஸ்டேஷனில் வைத்துவிட்டு உரியவர் வந்ததும் திருப்பிக் கொடு. தமிழ்நாட்டை அந்தத் தீர்ப்பு நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எடுத்துக்காட்டலாம்.

குடியால சாகறவங்க ரெண்டரை சதவீதம்தான்னு அரசாங்கமே சொல்லுதே. அப்புறம் எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

மத்திய அரசின் 2022 அறிக்கைப்படி அந்த ஆண்டு சாலை விபத்துகளில் இந்தியாவில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இதில் போதையில் ஓட்டியதால் என்று பதிவானது சுமார் 2.5 சதவீதம்; அதிவேகத்தால் என்று பதிவானது 70 சதவீதத்துக்கு மேல். எண்களில் தவறில்லை. அவை எப்படி உருவாகின்றன என்பதுதான் என் வருத்தம்.

நான் பார்க்கும் முதல் தகவல் அறிக்கைகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே வாசகம் இருக்கும்: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து". குடித்துவிட்டு வேகமாக வந்தவனும் அந்த வாசகத்துக்குள் போய்விடுகிறான். சோதித்தால்தானே தெரியும்? விபத்து நடந்தாலும், ஓட்டுநர் குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்கப் போலீசுக்கு நியாயமான காரணம் இருந்தால் மட்டுமே ஊதச் சொல்லலாம் என்கிறது 203ஆவது பிரிவு. சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை.

ஆஸ்பத்திரியில் போடும் ஏ.ஆர். காப்பியை, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகலைப் பாருங்கள். அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் வந்தவரைப் பற்றி டியூட்டி டாக்டர் "மது வாடை உள்ளது" என்று ஒரு வரி எழுதியிருப்பார். அந்த ஒரு வரியை வைத்து, இவர்மேலும் தப்பு இருக்கிறது, இழப்பீட்டைக் குறையுங்கள் என்று இன்சூரன்ஸ் தரப்பு வாதாடும். வாடை மட்டும் போதாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொன்ன பிறகும் இந்த வாதம் ஓயவில்லை. இடித்த லாரியின் ஓட்டுநரோ அந்த ஆஸ்பத்திரிக்கே வந்திருக்க மாட்டார். அவர் ரத்தத்தில் என்ன இருந்தது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. உயிரிழப்போ கொடுங்காயமோ நடந்த விபத்தில் சம்பந்தப்பட்ட எல்லா ஓட்டுநருக்கும் சோதனை கட்டாயம் என்று 203ஐத் திருத்த வேண்டும். ஒரே ஒரு திருத்தம்தான் செய்ய முடியும் என்றால் நான் கேட்பது இதைத்தான்.

ஓடிப்போய்ட்டு மறுநாள் வந்து சரண்டர் ஆகிடறாங்களே, அதுக்கு என்ன வழி?

இதுதான் சட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை. விபத்து நடந்தால் அடிபட்டவருக்கு வைத்தியம் கிடைக்கச் செய்ய வேண்டும், கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும் என்கிறது 134ஆவது பிரிவு. மூன்றாவது கேள்வியில் போட்ட கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். குவார்ட்டர் குடித்தவருக்கு 24 மணி நேரத்தில் ரத்தத்தில் எதுவும் மிச்சமிருக்காது. 134ஐ மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய். குடித்துவிட்டு ஓட்டியதற்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய். ஓடுவதே லாபம் என்று சட்டமே சொல்லிக் கொடுக்கிறது.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) இதை அடைக்கப் பார்த்தது: விபத்தில் ஆளைக் கொன்றுவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நாடு முழுக்கப் போராடினார்கள். ஜூலை 1 அன்று சட்டம் அமலுக்கு வந்தபோது இந்தப் பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்ற ஓட்டுநர்களின் பயம் பொய்யில்லை. ஸ்பாட்டில் நின்றாக வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். கொஞ்ச தூரம் போய் அவசர உதவி எண் 112ஐக் கூப்பிட்டுச் சொல்லலாம், 2 மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ஆஜராகி ஊதலாம், அப்படிச் செய்தவருக்கு 106(2) பொருந்தாது என்று எழுதலாமே. ஓட்டுநர் சங்கங்களோடு உட்கார்ந்து பேசினால் முடியாத காரியம் இல்லை.

பேசாம அபராதத்தை ஒரு லட்சமா ஏத்திட்டா யாரும் குடிச்சிட்டு ஓட்ட மாட்டாங்கல்ல?

2,000த்தை 10,000 ஆக்கியும் பார்த்தாகிவிட்டது. வண்டியை எடுக்கும்போது யாரும் தொகையை யோசிப்பதில்லை. "இன்னைக்கு அந்த சிக்னல்ல நிப்பாங்களா?" என்றுதான் யோசிக்கிறார்கள். கூலி வேலை பார்ப்பவருக்கு 10,000 என்பது ஒரு மாதச் சாப்பாடு. கார் வைத்திருப்பவருக்கு ஒரு ராத்திரி பில். தொகையை ஏற்ற ஏற்ற ஏழைக்குத்தான் கழுத்து இறுகும்.

மாட்டுவோம் என்ற பயம் நிச்சயமாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1982 டிசம்பரில் சந்தேகமே தேவையில்லை, யாரை வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொல்லலாம் என்று சட்டம் கொண்டுவந்தது. உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது. போலீஸ் தொல்லை அதிகமாகிவிடாதா என்று கேட்பார்கள். இப்போதுதான் தொல்லை அதிகம் என்பது என் கருத்து. 'சந்தேகம்' என்ற பெயரில் டூவீலர்காரரை நிறுத்திவிட்டுக் கண்ணாடி ஏற்றிய காரை அனுப்பிவிட முடிகிறது. தடுப்பு போட்டால் வரும் எல்லா வண்டியும், அல்லது வரிசையில் பத்துக்கு ஒன்று, சட்டையில் கேமரா, ஒவ்வொருவருக்கும் அச்சிட்ட சீட்டு என்று விதி இருந்தால் ஆள் பார்த்து நிறுத்த வழியில்லை.

இன்னொன்று, 31 மில்லிகிராமுக்கும் 200க்கும் ஒரே தண்டனை என்பது சரியில்லை. அளவுக்கேற்றபடி அடுக்காகத் தண்டனை வேண்டும். அதோடு லைசென்ஸ். கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைத்தது. குடித்துவிட்டு ஓட்டினால் குறைந்தது 3 மாதம் லைசென்ஸை முடக்குங்கள் என்று 2015லேயே அந்தக் குழு மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. இரண்டாவது கேள்வியில் சொன்ன 19ஆவது பிரிவும் இருக்கிறது. ஆனால் போலீஸ் அனுப்பி, ஆர்.டி.ஓ. நோட்டீஸ் கொடுத்து, அவர் வந்து பதில் சொல்லி முடிவதற்குள் அந்த ஆள் தினமும் ஓட்டிக்கொண்டுதான் இருப்பார். நீதிமன்றம் தண்டித்த அன்றே கம்ப்யூட்டரில் லைசென்ஸ் தானாக முடங்க வேண்டும்.

அரசே கடை நடத்துது, அரசே வெளியில நின்னு பிடிக்குது. கடையை மூடிட்டா முடிஞ்சது இல்லையா?

கோபம் நியாயமானது. நெடுஞ்சாலை மதுக்கடைகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15இல் தந்த தீர்ப்பே தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில் வந்ததுதான். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்றார்கள். 2017 மார்ச் 31இல், 20,000 பேருக்கு மேல் இல்லாத ஊர்களுக்கு அதை 220 மீட்டராகக் குறைத்தார்கள். பிறகு நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளைத் தடை கட்டுப்படுத்தாது என்று விளக்கமும் வந்தது. பல மாநிலங்கள் நெடுஞ்சாலையின் பெயரையே மாற்றி உள்ளூர்ச் சாலை ஆக்கின. தீர்ப்பின் பலம் இப்படித்தான் தேய்ந்தது.

மூடுவது பெரிய அரசியல் முடிவு. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. டாஸ்மாக் பார் இரவு 10 மணிக்கு மூடுகிறது. பல ஊர்களில் அந்த நேரத்துக்குக் கடைசி டவுன் பஸ் போயிருக்கும். வாசல் முழுக்க டூவீலர் நிற்கும். பார் உரிமத்திலேயே சில நிபந்தனைகள் சேர்க்கலாம்: ராத்திரி வண்டியை விட்டுவிட்டுப் போகப் பூட்டிய இடம், வாசலில் ஊதிப் பார்க்கக் கருவி, தள்ளாடுபவருக்கு மேற்கொண்டு ஊற்றினால் உரிமத்துக்கு ஆபத்து. விற்பவர் அரசு என்பதால் நாளைக்கே ஓர் உத்தரவில் இதைத் தொடங்க முடியும், நாடாளுமன்றம் தேவையில்லை.

குடிச்சிட்டு ஓட்டி ஆளைக் கொன்னா கொலைக் கேஸ் போடணும்ல?

கொலை என்றால் பொதுவாகக் கொல்லும் நோக்கம் வேண்டும். வழக்கமாகப் போடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1), கவனக்குறைவால் மரணம். 5 ஆண்டு வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அது 2 ஆண்டாக இருந்தது. ஆனால் இப்படி ஓட்டினால் உயிர் போகும் என்று தெரிந்தே ஓட்டினார் என்று நிரூபித்தால், கொலை ஆகாத மரணம் விளைவித்தல் என்ற 105ஆவது பிரிவுக்குப் போகலாம். 10 ஆண்டு வரை சிறை.

முன்னுதாரணம் உண்டு. 2006 நவம்பரில் மும்பை கார்ட்டர் ரோடில் குடித்திருந்தவர் ஓட்டிய கார், நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள்மேல் ஏறி 7 பேர் இறந்தார்கள். விசாரணை நீதிமன்றம் 6 மாதம் தந்தது. உயர் நீதிமன்றம் பெரிய பிரிவுக்கு மாற்றி 3 ஆண்டு தந்தது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. எந்தப் பிரிவு என்பது ஒவ்வொரு வழக்கிலும் இன்ஸ்பெக்டர் கையில் இருக்கக் கூடாது. போதையில் ஓட்டி உயிர் போனால் அதற்கென்று தனிக் குற்றம், குறைந்தபட்சத் தண்டனையோடு வர வேண்டும்.

ரத்த சாம்பிளையே மாத்திடறாங்களாமே?

2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டியதாகச் சொல்லப்படும் சொகுசுக் கார் மோதி இரண்டு இளம் இன்ஜினியர்கள் இறந்தார்கள். ரத்த மாதிரியை மாற்றியதாகக் குற்றச்சாட்டு எழுந்து அரசு மருத்துவமனை டாக்டர்களே கைதானார்கள். ஸ்பாட்டில் ஊத வைத்து, அந்த நிமிடமே எண் சர்வருக்குப் போய்விட்டால், பிறகு ரத்தத்தை மாற்றிப் பயனில்லை. ரத்தத்தையும் இரண்டு குப்பிகளில் எடுத்து, வீடியோ பதிவோடு சீல் வைத்து, ஒன்றை வேறு மாவட்டத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

இடிச்சவன் குடிச்சிருந்தா இன்சூரன்ஸ் பணம் வராதா?

குடித்து ஓட்டியவரின் சொந்த வண்டி சேதத்துக்கு வராது. அடிபட்ட மூன்றாம் நபர் பயப்பட வேண்டாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஓட்டுநர் போதையில் இருந்தார் என்று கம்பெனி எதிர்வாதம் வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனாலும், முதலில் குடும்பத்துக்குப் பணத்தைக் கொடு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூல் செய்துகொள் என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லி வருகின்றன. இதைச் சட்டத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், மேல்முறையீட்டில் வருடக்கணக்காகக் காத்திருக்கும் விதவைகளுக்கு விடிவு கிடைக்கும். "குடிச்சிருந்தான்னு சொன்னா நமக்குப் பணம் வராது, சொல்லாதீங்க" என்று யாராவது புத்தி சொன்னால் கேட்காதீர்கள்.

எங்க வீட்டுலயே இப்படி நடந்துடுச்சு. இடிச்சவன் குடிச்சிருப்பான்னு தோணுது. உடனே என்ன செய்யணும்?

108ஐக் கூப்பிட்டு அடிபட்டவரை அனுப்புங்கள். தமிழ்நாட்டில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. முன்பணம் கேட்டால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். வீட்டில் இன்னொருவர் நேராகக் காவல் நிலையம் போகட்டும். ஒரு வெள்ளைத் தாளில், "விபத்தை ஏற்படுத்திய வாகனத்தின் ஓட்டுநர் மது அருந்தியிருந்ததாகச் சந்தேகிக்கிறோம், 203, 204ஆவது பிரிவுகளின்படி மூச்சு, ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்" என்று எழுதி, வண்டி எண்ணும் மனு கொடுக்கும் நேரமும் போட்டுக் கொடுங்கள். நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். 203 கேட்கும் 'நியாயமான சந்தேகத்தை' நீங்களே எழுத்தில் கொடுத்துவிட்டால், எனக்குச் சந்தேகம் வரவில்லை என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

அந்தச் சாலையில் உள்ள கடைகள், பெட்ரோல் பங்க், பக்கத்து பார் ஆகியவற்றின் சிசிடிவி பதிவுகளை அழியாமல் எடுத்துவைக்கும்படி அதே மனுவில் கேளுங்கள். பல இடங்களில் சில நாட்களில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். மறுநாள் மனு எழுதிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். மணிக்கு 15 மில்லிகிராம் வீதம் சாட்சியம் கரைந்துகொண்டிருக்கும்.